காலி அறையின் சத்தம்

ஞாயிறு

அன்பு மகளுக்கு,

தொண்டை ஆபரேஷன் முடிந்து, டாக்டர் சொல்லும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவாகியிருப்பதால், உன் அப்பா கையால் பேசுகிறேன். இங்கே எல்லாரும் நலம். அக்கம்பக்கத்தார் கூடுதல் நலம். பஸ் நிலையத்துக் கூண்டில் உட்கார்ந்து காலம் முழுக்க மைக்கில் கத்தியவன், ஓய்வு பெற்ற பிறகும் அதே குரலில்தான் துண்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது தெருவே நிம்மதியாக இருக்கிறதாம். "நீங்க இப்படியே இருந்துட்டா எனக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்கிறாள் உன் அம்மா. பலகையில் பதில் எழுதிக் காட்டுவதற்குள் அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். இந்தக் காகிதத்தையும் அவள்தான் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறாள். ஓரத்தில் தடியாக ஏதாவது எழுத்தை மறைத்தால் அது அவளுடைய கட்டைவிரல்.

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டிலேயே கதை வாசித்துப் பதிவு செய்ய, கையைக் கடிக்காத விலையில் எந்தச் சவுண்ட் மிக்ஸர் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னைப் போய்க் கேட்டாயே, அந்தப் பெருமையில் ஒரு நாள் சாப்பிடவே மறந்தேன். என் கூண்டில் இருந்த பெட்டிக்கு ஒரே ஒரு திருகுதான். நான் சத்தத்தைக் கூட்டிவிடுவேன் என்று மேலாளர் அதன்மேலும் டேப் ஒட்டிவைத்திருந்தார். அந்த ஞானத்தை வைத்துக்கொண்டு உன் மாமாவையும் இழுத்துக்கொண்டு சவுண்ட் கடைக்குப் போனேன். நான் எழுதுவேன், மாமா வாசிப்பான். கடைக்காரர் எனக்குக் காது கேட்காது என்று முடிவு கட்டி, கடைசிவரை கத்தியே பேசினார்.

முதலில் ஒன்றைக் காட்டினார். விமானம் ஓட்டுகிறவன் முன்னால் இருக்க வேண்டிய சாமான். "இதுல துணி துவைக்க முடியுமா?" என்று மாமா கேட்டான். கடைக்காரர் சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு உருப்படியாகப் பேசினார். வாசிக்கப் போவது ஒரே குரல் என்பதால் மைக் மாட்ட இரண்டு துளை இருந்தால் தாராளம். மைக்குக் கரண்ட் கொடுக்கிற பட்டன் கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் உன் மைக் என்னைப் போல ஊமையாகக் கிடக்கும். கம்ப்யூட்டரோடு நேராக ஒயர் போட்டு இணைக்க வேண்டும். எதிரொலி, குகைச் சத்தம், ரோபோ குரல் எல்லாம் வைத்த மாடலுக்கு விலை கூட. அது உனக்கு வேண்டாம். கதை கேட்கிறவர்கள் உன்னைக் குகையில் தேட வேண்டியதில்லை.

நீ அனுப்பிய மாதிரிப் பதிவை ஒலிக்கதைக் கம்பெனிக்காரர்கள் "குரலுக்குப் பின்னால் ஏதோ சத்தம்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று எழுதிக் காட்டினேன். அதற்கு அவர் ஒரு வழி சொன்னார். பெட்டி வாங்குவதற்கு முன்னால் அறையைக் கேட்க வேண்டுமாம். நீ தோழியிடம் இரவல் வாங்கிய மிக்ஸர் இருக்கிறதே, அதில் திருகுகளை முழுக்க ஏற்றிவிட்டு, யாரும் பேசாமல், காலி அறையைப் பதிவு செய்து அனுப்பு. இரைச்சல் பெட்டியுடையதா வீட்டினுடையதா என்று தெரிந்துவிடும். அறை விஷயத்தில் என் ஓட்டு தெருவைவிட்டு உள்ளே தள்ளியிருக்கிற அந்தச் சாமான் அறைக்குத்தான். ஜன்னல் இல்லை, தெருச் சத்தம் எட்டாது. பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டுகிற மெஷின் நிற்கும் நேரமாகப் பார்த்துக்கொள்.

குட்டி தரையில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு "ம்ம்ம்" என்று பாடுகிறாள் என்று எழுதியிருந்தாய். வாரிசு! குரல் தொழில் மூன்றாம் தலைமுறைக்குப் போகிறது. மாப்பிள்ளை பல் செட் செய்கிறவர், நீ குரல் கொடுக்கிறவள். ஒரு வீட்டுக்குள் ஒரு முழு வாய் இருக்கிறது என்று இங்கே எல்லாரிடமும் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாரும் சுகமாக இருங்கள்.

வாயடைத்துப்போன,
அப்பா

*

புதன்

அன்பு மகளுக்கு,

காலி அறை வந்து சேர்ந்தது. கடைக்காரர் பெரிய ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எனக்கு மாட்டிவிட்டார். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் காது பழகியதும், அடியில் ஓர் உறுமல். பெரிய நாய் ஒன்று கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தால் எப்படி இருக்கும், அப்படி. காதில் விழுவதைவிட நெஞ்சில்தான் அதிகம் தெரிந்தது. நான் கழற்றி மாமாவிடம் கொடுத்தேன். "மாப்பிள்ளை குறட்டைதான், வேறென்ன" என்றான்.

மாப்பிள்ளை அப்போது வேலைக்குப் போயிருந்தார் என்று நீ எழுதியிருந்ததைக் காட்டியதும், பழியைப் பிரிட்ஜ்மேல் போட்டான். பிரிட்ஜை அணைத்துவிட்டுத்தான் பதிவு செய்தேன் என்றும் எழுதியிருந்தாய். அந்த மெஷினும் அன்று ஓடவில்லை, மெஷின்காரர்களுக்கு விடுமுறை, பள்ளத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் மட்டும் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும் என்றாய். அப்படியானால் பம்ப்தான் என்று நாங்கள் மூன்று பேரும் ஒரு மனதாகத் தீர்ப்புச் சொன்னோம். கடைக்காரர் கத்தினார்: "அதுக்கெல்லாம் வீட்டை மாத்த வேணாம் சார், பட்டன் இருக்கு!"

உண்மையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மைக் துளைக்கும் பக்கத்தில் குட்டியாக ஒரு பட்டன். அதை அமுக்கினால் அடியில் வருகிற கனத்த சத்தம் எல்லாம் வெட்டுப்பட்டுவிடுமாம். பெண் குரல் அவ்வளவு கீழே இறங்காது, அதனால் உன் குரலுக்குச் சேதம் இல்லை. கடையிலேயே உன் பதிவை அந்த வழியாக ஓடவிட்டு அமுக்கிக் காட்டினார். நாய் போயே போய்விட்டது. எடுத்தார், வந்தது. அமுக்கினார், போனது. நானும் ஆசைக்கு நாலு தடவை அமுக்கிப் பார்த்தேன். அப்படி ஒரு பட்டன் மனுஷனுக்கும் இருந்தால் உன் அம்மா முதல் ஆளாக வாங்கியிருப்பாள்.

ஆகவே இரண்டு மைக் துளை, இரும்பு உடம்பு, இந்தப் பட்டன் உள்ள சின்ன மிக்ஸர். கடையிலேயே மலிவானதற்கு ஒரு படி மேல். பணத்தைப் பற்றிப் பேசாதே, உன் பிறந்தநாளுக்கு என்று வைத்துக்கொள். பார்சல் கிளம்பிவிட்டது.

உன் குரலை உலகம் கேட்கட்டும்.

அன்புடன்,
அப்பா

*

ஞாயிறு

அன்பு மகளுக்கு,

பார்சல் வந்து மூன்று வாரத்துக்குள் கம்பெனி ஒத்துக்கொண்டது என்று நீ அனுப்பியதைப் படித்ததும் பேசக் கூடாது என்பதையே மறந்துவிட்டேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்த மாதிரி. உன் அம்மா பயந்தே போனாள். பிறகு பலகையில் "முழு நாவலும் என் மகளுக்கே" என்று எழுதிக்கொண்டு தெருக்கோடிவரை நடந்தேன். பாதிப் பேர் நான் ஏதோ போராட்டத்தில் இருக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

குட்டி பிறந்த பிறகு ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நீ எவ்வளவு தவித்தாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தச் சந்தோஷம். முதல் அத்தியாயத்தை மூன்று தடவை கேட்டேன். கதையில் அந்தக் கிணற்றடிப் பெண் பேசுகிற இடத்தில் உன் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், வெங்காயம் என்றாள். கையில் வெங்காயம் இல்லை.

நீ எழுதியிருந்த சில்லறைப் பிரச்சினைகளுக்கு வருகிறேன். எதிரொலி அடங்கச் சுவரில் ஒட்டிய பஞ்சு அட்டை கழன்று கழன்று விழுகிறது என்றாய். ஒரு பக்கச் சுவரில் மட்டும்தான் என்றாய். பள்ளத்துப் பக்கச் சுவர். அதில் ஈரம் இருக்கலாம், வேறு பசை அனுப்புகிறேன். சாமான் அறைக் கதவு நிலையில் இடிக்கிறது, மாப்பிள்ளை மேல்விளிம்பைச் சீவிவிட்டார், மறு வாரமே மறுபடியும் இடிக்கிறது என்றாய். பல்லைச் சீவிப் பழகிய கை மரத்தைக் கொஞ்சம் தாராளமாகச் சீவ வேண்டும் என்று அவரிடம் சொல். மழைக்கு மரம் உப்புவதும் உண்டு.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அங்கே மழை ஆரம்பிக்கவில்லையே.

இன்னொன்று. வாசல் சாக்கடையில் புது மணல் வந்து சேர்கிறது, பம்ப் இறைக்கிற தண்ணீரோடு வருகிறது, வெள்ளையாக நைசாக இருக்கிறது, பூந்தொட்டிக்கு அள்ளிக்கொண்டோம் என்று வேடிக்கையாக எழுதியிருந்தாய். நானும் வேடிக்கையாகத்தான் படித்தேன். பிறகு படுத்துக் கிடக்கும்போது ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. தினமும் அவ்வளவு மணல் வெளியே வருகிறதென்றால் எங்கிருந்து வருகிறது? எதற்கு அடியில் இருந்த மணல் அது?

எனக்கு வேலை இல்லை, வாயும் இல்லை. அதனால் மூளை கண்டபடி மேய்கிறது. நீ பயப்படாதே. ஒரே ஒரு உதவி செய். இன்று குட்டி தூங்கும்போது, அந்தப் பட்டனை அமுக்காமல், முன்பு போலவே காலி அறையைப் பதிவு செய்து அனுப்பு. அப்பாவின் பைத்தியத்துக்கு ஒரு மருந்து என்று நினைத்துக்கொள்.

குட்டியைத் தரையில் படுக்க விடாதே. சளி பிடிக்கும்.

அன்புடன்,
அப்பா

*

செவ்வாய்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பியதைக் கேட்டேன். பழைய பதிவையும் புதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். கடைக்காரரும் கேட்டார். இந்தத் தடவை அவர் கத்தவில்லை.

அதே உறுமல் இருக்கிறது. கூடியிருக்கிறது. யாரும் வாய் திறக்காத அறையில் மிக்ஸரில் சத்தத்தின் அளவைக் காட்டுகிற பச்சை விளக்கு தானாக எரிந்து மஞ்சள்வரை ஏறி இறங்குகிறது, வீட்டில் பேய் குடிவந்துவிட்டது என்று நீ சிரித்திருந்தாய். உறுமல் மட்டும் என்றால் பம்ப் என்று விட்டுவிடுவேன். அதற்கு நடுவில் வேறொன்று இருக்கிறது. 'டக்' என்று ஒன்று. காய்ந்த குச்சியை ஒடிக்கிற மாதிரி. அதற்குப் பிறகு மெதுவாக, அரிசியைச் சுளகில் சரிக்கிற மாதிரி, ஏதோ சரிகிறது. நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் 'டக்'. பழைய பதிவில் அது இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை.

மகளே, நாம் சத்தத்தை நிறுத்தவில்லை. நம் காதைத்தான் பொத்திக்கொண்டோம். வீடு நமக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நான் கடையில் நின்று பட்டனை அமுக்கி அமுக்கி விளையாடினேன். குட்டி கூட அதைத்தான் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தாள், நான் வாரிசு என்று பெருமைப்பட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, வீட்டில் எத்தனையோ இடம் இருக்க, பள்ளத்தை ஒட்டிய ஜன்னலில்லாத அறையைத் தேடிப்பிடித்து உன்னை உள்ளே உட்கார வைத்தவனும் நான்தான்.

அவசரத்தில் நானே நீங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் ஓனருக்குப் போன் போட்டுவிட்டேன். எனக்குக் குரல் இல்லை என்பது அவர் எடுத்த பிறகுதான் உறைத்தது. மூச்சு விட்டேன். "யாருய்யா அது, போன்ல ஊதறது?" என்று திட்டிவிட்டு வைத்துவிட்டார். பிறகு மாமா பேசினான். "பக்கத்துல வேலை நடந்தா பழைய கட்டடம் கொஞ்சம் முனகத்தான் செய்யும். உங்க வீட்டுப் பொண்ணு இருக்குற வீடு எங்கப்பா கட்டினது, அசையாது. திங்கக்கிழமை இன்ஜினியர் வர்றார்" என்றாராம். அசையாது என்று அவர் சொன்ன வீட்டில்தான் கதவு வாரா வாரம் இடிக்கிறது.

எனக்குக் கட்டட வேலை தெரியாது. மிக்ஸரே தெரியாது. பஸ் வருகிறது, போகிறது என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். அந்த மணல் உங்கள் வீட்டுக்கு அடியிலிருந்துதான் போகிறது, வீடு இறங்குகிறது என்று நான் நினைப்பது தப்பாக இருந்தால் உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்படுகிற முட்டாள் நான்தான். ஆனாலும் நகராட்சிக்காரர்களிடம் இன்றே சொல்லுங்கள். திங்கள்கிழமைவரை மாப்பிள்ளையின் அக்கா வீட்டில் போய் இருங்கள். மாப்பிள்ளை கையில் இந்தக் கடிதத்தைக் கொடு. மாமனார் பயந்தாங்கொள்ளி என்று அவர் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அது அவருக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான்.

கவலையோடு,
அப்பா

*

வியாழன்

மகளே,

நீ எழுதியதைப் படித்தேன். முதல் தவணைக்கு இன்னும் மூன்று அத்தியாயம்தான் பாக்கி, சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் கம்பெனி வேறு ஆளைப் பார்க்கும், அக்கா வீட்டில் மூன்று பிள்ளைகள் கத்துகிற கத்தில் ஒரு வரி வாசிக்க முடியாது, திங்கள்கிழமை இன்ஜினியர் வந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறாய். "அப்பா, நீங்க ஹெட்போனைக் கழட்டி வச்சுட்டுக் கொஞ்சம் வெளியே நடந்துட்டு வாங்க" என்றும் எழுதியிருக்கிறாய். வேறு சமயமாக இருந்தால் இதைப் படித்துச் சிரித்திருப்பேன். எனக்கும் இப்படித்தான் அடம், எங்கிருந்து வந்தது என்று உன்னை நான் கேட்க முடியாது.

ஆனால் இன்று காலை நீ வெட்டி ஒட்டாத பச்சைப் பதிவை அப்படியே அனுப்பிவிட்டாய். அதில் என்ன இருக்கிறது என்று நீயே முழுக்கக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். ஆரம்பத்தில் நீ கதவை இழுத்துச் சாத்துகிறாய். ஒரு தரம், இரண்டு தரம், பிறகு உடம்பைக் கொடுத்துத் தள்ளிச் சாத்துகிறாய். சிரிக்கிறாய். வாசிக்கிறாய். பாதிப் பக்கம் தாண்டியதும், பட்டன் அமுக்கியிருந்தும்கூட, அந்த 'டக்' கேட்கிறது. அமுக்கிய பிறகும் கேட்கிறது என்றால் அது இனிமேல் அடியில் மட்டும் இல்லை. நீ நிறுத்துகிறாய். "என்னது அது" என்று மெதுவாக, யாரையும் கேட்காமல் கேட்கிறாய். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. உன் மூச்சு மட்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட வரியிலிருந்து மறுபடி வாசிக்கிறாய்.

அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று எனக்கே தெரியாது. உன் குரலில் பயம் இருக்கிறது, கண்ணு. அப்பாவிடம் காட்டாத பயம். சின்ன வயதில் இருட்டில் பாத்ரூம் போகும்போது பாட்டுப் பாடிக்கொண்டே போவாயே, அதே குரலில் மீதிப் பக்கத்தை வாசித்திருக்கிறாய். உனக்கும் தெரியும்.

மாமா மாப்பிள்ளையின் பல் லேபுக்குப் போன் போட்டுவிட்டான். அவர் கிளம்பிவிட்டார், ஆனால் ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து வர வேண்டும். அவருக்காகக் காத்திருக்காதே. உன் போன் எடுக்கவே மாட்டேன் என்கிறது. பதிவு செய்யும்போது சத்தத்தை அணைத்து வைத்திருப்பாய், அது உன் தொழில் ஒழுங்கு. வாசித்து முடித்ததும் போனைப் பார்ப்பாய் என்ற ஒரே நம்பிக்கையில் எழுதுகிறேன். அம்மா பக்கத்திலேயே போனோடு நிற்கிறாள், அவசரத்தில் எழுத்து கலங்கி விழுந்தாலும் பொறுத்துப் படி.

குட்டியைத் தூக்கிக்கொள். செருப்பைத் தேடாதே. மிக்ஸர், மைக், கம்ப்யூட்டர் எதையும் தொடாதே. நாவல் போனால் போகட்டும், நான் கம்பெனிக்காரன் காலில் விழுகிறேன். முன்கதவு இடித்துக்கொண்டு திறக்கவில்லை என்றால் இழுத்துக்கொண்டு நிற்காதே, சமையலறை ஜன்னல் பக்கம் போய்க் கூப்பாடு போடு, எதிர் வீட்டுக்காரர்கள் வருவார்கள். மாடியில் குடியிருக்கிறவர்களையும் கத்திக் கூப்பிடு. உனக்குத்தான் குரல் இருக்கிறதே. தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நில். பள்ளத்துப் பக்கம் வேண்டாம்.

இப்போது திட்டாதே, பிறகு வைத்துத் திட்டு. ஒரு வீடும் விழாமல், ஒரு சுவரும் விரிசல் விடாமல், நீயும் குட்டியும் தெருவில் நின்று அசடு வழிய வேண்டும். அதைச் சொல்லிச் சொல்லி நீ என்னை ஆயுசுக்கும் கேலி செய்ய வேண்டும். நான் கடவுளிடம் இதைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், கண்ணு. குட்டி நன்றாக இருக்க வேண்டும்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதுகிற நேரத்தில் வெளியே வா.

அப்பா